புறஜாதிப் பழக்கம்

"இறக்குடி அதை."

வாசல்ல ஸ்டூல் போட்டு என் பொண்ணு கெசியா கிறிஸ்துமஸ் நட்சத்திரம் மாட்டிக்கிட்டு இருந்தா. காலையிலதான் தாம்பரம் மார்க்கெட்ல வாங்கினோம். என் வீட்டுக்காரர் வேதசிரோமணி வந்த வேகத்துல அதைப் பிடுங்கி வீசினார். ஒரு முனை நசுங்கிப் போச்சு.

"நட்சத்திரம் பார்த்துத்தானேங்க பாலகனைத் தேடி சாஸ்திரிகளே வந்தாங்க?"

"டிசம்பர் இருபத்தஞ்சுன்னு பைபிள்ல எந்த அதிகாரத்துல இருக்கு தபீதா? ரோமாபுரிக்காரன் சூரியனுக்குக் கொண்டாடின நாள். புறஜாதிப் பழக்கம் எதுவும் என் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது."

புதுச் சபைக்குப் போக ஆரம்பிச்சதிலேருந்து இதே பாட்டுதான். பக்கத்து வீட்டு ரமா ஆசையா கொடுத்த பொங்கலைக் குப்பையில கொட்டின மனுஷன். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ஆனாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

அன்னிக்கு லாசரஸ் அண்ணன் கெசியாவைப் பொண்ணு கேட்டு வர்றதா இருந்தது. அவர் பையன் எபியும் கெசியாவும் ஒரே ஆபீஸ். ரெண்டு பேருக்கும் பிடிச்சுப் போச்சு. இவருக்கும் சந்தோஷம்தான். லாசரஸ் அண்ணன் அதே சபை, அவர் வீட்டுலயும் கிறிஸ்துமஸ் கிடையாது.

"ஸ்தோத்திரம் பிரதர்."

வந்தார், உட்கார்ந்தார். நான் காபி கொடுத்தேன். எபி மாதிரி பையன் கிடைக்க மாட்டான்னு இவர் வாயாரப் புகழ்ந்தார். அதோட விட்டாரா?

"பிரதருக்குச் சொந்த ஊர் எது?"

லாசரஸ் அண்ணன் சொன்னார்.

"அட, அங்க நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களே. எந்தத் தெரு?"

லாசரஸ் அண்ணன் டம்ளரைக் கீழே வெச்சார்.

"தெருவுல இல்ல பிரதர். ஊருக்கு வெளியே, காலனி."

இவர் முகம் சுருங்கிப் போச்சு.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் பிரதர்."

லாசரஸ் அண்ணன் ஸ்கூட்டர் முனை திரும்பல, அதுக்குள்ள, "வேற இடம் பார்ப்போம்" அப்படின்னார்.

"ஏன்? ஜெபம் முடிஞ்சு போச்சா?"

"நம்ம ஆளுங்க இல்ல. சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது?"

கெசியா ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அவ அழற சத்தம் கேட்டது.

அதுக்கு மேல என்னால பொறுக்க முடியல. அலமாரியிலேருந்து பைபிளை எடுத்து அவர் மடியில வெச்சேன்.

"நம்ம ஆளுங்கன்னு எந்த அதிகாரத்துல இருக்குன்னு தேடிக்கிட்டே இருங்க. நான் லாசரஸ் அண்ணனுக்கு போன் பண்ணி, பொண்ணு தர்றோம்னு சொல்லிட்டு வர்றேன்."