கண்ணில் படாத கனம்

மதுரைக் கல்லூரி வாத்தியார் குருநாதன், அம்மாவோடு நயினார்கோவிலுக்குப் பெண் பார்க்க வந்திருந்தான்.

"வீட்டுல நானும் மக உமையாளும் மட்டுந்தான்," என்றார் பொன்னுச்சாமி. "மாப்பிள்ளை என்ன பாடம் நடத்துறாக?"

"பௌதிகம். நட்சத்திரக் கூட்டங்கள் ஓடுற வேகத்துக்கு எப்பவோ சிதறிப் போயிருக்கணும் மாமா. கண்ணுக்குத் தெரியிற கனம் அதுகளைப் பிடிச்சு வைக்கப் பத்தாது. தெரியாத ஏதோ ஒண்ணு உள்ள இருந்து இழுத்துப் பிடிக்குதுங்கிறாக."

"பாக்காம எப்படிச் சொல்றது?"

"உங்க வீட்டுல ரெண்டே பேரு. ரெண்டு பேரும் எங்க முன்னாடி இருக்கீக. அடுப்படியில பணியாரம் வெந்துக்கிட்டே இருக்கே."

பொன்னுச்சாமி தலைகுனிந்தார். "மூத்த மக ராக்கு. தாலியறுத்தவ. நல்ல காரியத்துக்கு எதுக்க வரக்கூடாதுன்னு உள்ள இருக்கச் சொன்னேன்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. ராக்கு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்தாள். தாலியறுத்த பிறகு, வீட்டுக்கு வந்த ஒருவர் அவள் இருப்பதைக் கண்டுகொண்டது இதுதான் முதல் தடவை.

குருநாதன் சிரித்தான். "இதுல என்ன இருக்கு மாமா. கல்யாணத்தன்னைக்கும் இதே மாதிரி உள்ளயே இருந்துக்கிரட்டும்."

பணியாரக் குழிகளில் அடுத்த ஈடு மாவு விழுந்தது.