முழுப் படம்

காலை வெயில் கம்பிக் கதவின் வழியே கோடு கோடாக ஈரத் தரையில் விழுகிறது. தத்தெடுப்புச் சுவரொட்டிக்குப் படம் எடுக்க வந்த கல்லூரி மாணவி, சட்டை நனைவதையும் பார்க்காமல், மூன்று கால் நாயின் முன் குப்புறப் படுத்திருக்கிறாள். காப்பகப் பொறுப்பாளர், முன்னங்கால் இல்லாத தோளைத் துண்டால் மூடுகிறார். “இது தெரிஞ்சா யாரும்மா கூட்டிட்டுப் போவாங்க? மூஞ்சிய மட்டும் எடு.”

“முழுசாத்தான் சார் எடுப்பேன். இதைப் பாத்தும் வர்றவங்க வந்தாப் போதும்.”

“சொன்னாக் கேக்கவே மாட்டியா?” அலுத்துக்கொண்டே அவர் துண்டைச் சரிசெய்யக் குனிகிறார். நாய் அதைக் கவ்வி இழுத்துக் கீழே போட்டு, அதன்மேலேயே ஏறி நிற்கிறது. மூன்று காலிலும் துளி ஆட்டமில்லை. கண்கள் நேராக லென்சைப் பார்க்கின்றன.

“தள்ளிக்குங்க சார்,” என்கிறாள் அவள். “உங்க நிழல் அது மேல விழுது.”