தென்னையால் விழுந்தவர்

கிட்ட வந்து இருங்கள் பிள்ளைகளே. ஒரேயொரு பொய்யால் பதினெட்டு வருடம் புருசனைக் காத்தவளின் கதை சொல்கிறேன். ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம்தான்.

"எங்க, சொல்லுங்கோ பாப்பம். நெத்திக் காயம் என்னெண்டு கேட்டால்?"

"தென்னையால விழுந்தனான்," என்றார் மூத்ததம்பி. "அந்தத் தென்னையும் பட்டுப்போச்சுதடி கனகமணி. நீ இன்னும் விடமாட்டாய் போல."

"சரி, நீங்கள் வாயே திறக்க வேண்டாம். நான் சொல்லுறன்."

கிளிவெட்டியிலிருந்து நகரத்து ஸ்கான் நிலையம் வரைக்கும் ஓட்டோவில் இதே பாடம்தான். மூன்று மாதமாக அவருக்கு வலிப்பு. தலையைப் படம் எடுக்க வேணும் என்றார் டொக்டர். டொக்டருக்கும் தென்னைக் கதைதான் சொல்லியிருந்தாள்.

சண்டைக்காலத்தில் ஒரே ஷெல்லடியில் காயப்பட்டவர்கள் மூத்ததம்பியும் அவர் தம்பி தயாவும். சோதனைச் சாவடியில் காயம் எப்படி வந்தது என்று ஆமிக்காரர் கேட்டபோது தயா உள்ளதைச் சொன்னான். ஷெல் காயம் என்றால் சண்டை பிடித்தவன் என்று இறக்கிக்கொண்டு போவார்கள். பஸ் அவனில்லாமல் வந்து சேர்ந்தது. அன்று கனகமணியின் வாயில் முளைத்த தென்னை இது.

போன வருடம் கோயில் வாசலில் சோதிக்கும் கருவி மூத்ததம்பியின் நெற்றிக்கு நேரே கீச்சிட்டது. மூக்குக்கண்ணாடியைக் காட்டிச் சிரித்தே கூட்டிக்கொண்டு போனவள் கனகமணி.

ஸ்கான் நிலையத்தில் நீலச் சீருடையோடு வந்தார் ஊழியர் அப்ராஸ். மோதிரம், அரைஞாண், சட்டையில் குத்திய ஊசி, எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். சாவடியிலும் சீருடைக்காரர் இப்படித்தான் கழற்றச் சொல்வார்கள்.

"உடம்புக்குள்ள குண்டு, ஷெல் துண்டு ஏதும் இருக்கோ அம்மா?"

அதே கேள்வி.

"சீச்சீ! அவர் தென்னையால விழுந்தவர்."

அப்ராஸ் எழுதிக்கொண்டு அவரை உள்ளே அழைத்துப் போனார். இன்றைக்கும் தப்பிவிட்டோம் என்று அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

உள்ளே ஓர் அலறல். அப்ராஸ் ஓடி வந்தார்.

"அம்மா, அந்த மெசின் பெரிய காந்தம்! ஐயா நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டார். மூளைக்குள்ள இரும்பு கிடக்குதோ? இப்பவே சொன்னால்தான் ஒப்பரேசனுக்கு அனுப்பலாம்!"

பதினெட்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் தந்த சீட்டு அவளுக்கு எழுத்து எழுத்தாய் நினைவில் இருந்தது. 'ஷெல் துண்டு ஆழத்தில் உள்ளது. எடுத்தால் உயிராபத்து. அப்படியே விடப்பட்டது.' வாசித்த அன்றே அதை அடுப்பில் போட்டிருந்தாள். துண்டு உள்ளே கிடப்பதை மூத்ததம்பிக்கே சொன்னதில்லை.

திறந்த கதவால் அவருடைய கால்கள் தெரிந்தன. உதறிக்கொண்டிருந்தவை ஓய்ந்துவிட்டன.

"அம்மா, சொல்லுங்கோ!"

கனகமணி அந்த நீலச் சீருடையைப் பார்த்தாள். வாய் முந்திக்கொண்டது.

"இல்லைத் தம்பி. தென்னையால விழுந்தவர்."

உள்ளதைச் சொன்ன உங்கள் ஆட்கள் எல்லோரும் பொழுதுபட முன்னம் வீட்டுக்குத் திரும்பி வந்து சேரட்டும், பிள்ளைகளே.