அண்டாவில் ஏறிய பொருக்கு

சோப்புப் போட்டுத் தேய்த்தால் நுரைகூட வராது, அந்தக் கிணற்றில் ஊறுவது அப்படிச் சுண்ணாம்பு மிகுந்த உப்புத் தண்ணீர். வீட்டுக்காரருக்கோ வீட்டிலேயே பீர் காய்ச்சும் ஆசை. அந்தத் தண்ணீரை அப்படியே பார்லியில் ஊற்றினால் பீர் துவர்த்து நாக்கைப் பிடித்து இழுக்கும். அதனால் முதலில் எவர்சில்வர் அண்டாவில் தண்ணீரை மட்டும் கொதிக்கவிட்டு, ஆறியதும் தெளிவை இறுத்துக்கொள்வார்.

அண்டாவுக்குள் விழும்போதே தண்ணீர் சிடுசிடுக்கும். "என்னைச் சுட்டா உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

"மனசுல இருக்கிறதை எல்லாம் இங்கேயே கொட்டிட்டுப் போ. பார்லிகிட்ட கொண்டுபோகாதே" என்று அண்டா சொல்லும்.

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சுண்ணாம்பைக் கக்கும். அண்டா அதைத் தன் உள்பக்கத்தில் வாங்கிக்கொள்ளும். பீர் நன்றாகவே வந்தது. குடித்தவர்கள் தண்ணீரின் பதத்தைப் பாராட்டினார்கள். தன் பெயரும் ஒருநாள் வரும் என்று அண்டா காத்திருந்தது.

காய்ச்சிக் காய்ச்சி அதன் உள்பக்கமெல்லாம் வெள்ளைப் பொருக்கு ஏறிவிட்டது.

ஒருநாள், கிணற்றிலிருந்து அப்போதுதான் வந்த வாளித் தண்ணீர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தது. "ஐயய்யோ, என்ன இது, இவ்வளவு கரடுமுரடா இருக்கு! இதுகிட்டயா என்னை விடப்போறாங்க?"

அண்டா பக்கத்துப் பாத்திரத்தைப் பார்த்தது. சற்று முன்புதான் அண்டாவிலிருந்து இறுத்த தண்ணீர் அதில் தெளிந்து நின்றது. உண்மையை அதுவாவது சொல்லும் என்று அண்டா நினைத்தது.

தெளிந்த தண்ணீர் மெல்லக் கனிவோடு சொன்னது:

"கொஞ்சம் முரட்டு ஆசாமிதான். நாமதான் அனுசரிச்சுப் போகணும்."