ஒரே நாளில் நான்கு ஞாயிறு

அருங்காட்சியகத்துப் படிக்கட்டில் மாலை வெயில் சாய்கிறது. தூணுக்குப் பின்னால் மனைவி, மகளுக்கு அன்றைய மூன்றாவது ஸ்வெட்டரை மாட்டுகிறாள். அயல்நாட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து கிடங்கில் வேலை பார்க்கும் கணவனுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் விடுமுறை. ஊரிலிருக்கும் அவளுடைய அப்பாவுக்கோ வாராவாரம் ஊர்சுற்றிய படம் போயாக வேண்டும்; போகாவிட்டால், மகள் கஷ்டப்படுகிறாளோ என்று மனிதர் சோறு தண்ணி இறங்காமல் கிடப்பார்.

"பரீட்சைக்கு உக்காந்த மாதிரி முழிக்காத, சிரி," என்று கைபேசியை நீட்டுகிறான் கணவன்.

"இருங்க, காலையில பூங்காவுல விழுந்ததுக்கு ஒட்டின பிளாஸ்திரி இவ நெத்தியிலயே இருக்கு. எங்கப்பா பாத்தா அடுத்த விமானத்துலயே வந்து இறங்கிடுவாரு."

மெல்லத்தான் உரிக்கிறாள். குழந்தை உதட்டைக் கடித்துக்கொள்கிறது.

"அம்மா, இப்ப நான் அழுதா அது எந்த வாரத்துல வரும்?"