பதினோரு மணி பிளேன்

மும்பை ஏர்போர்ட்டில் இறங்கியபோது மணி காலை ஒன்பது. லண்டன் பிளேன் சாயங்காலம் ஐந்தரைக்கு. நடுவில் எட்டரை மணி நேரம். அம்மா வீடு மாட்டுங்காவில். டாக்ஸி பிடித்தால் அரைமணி, டிராஃபிக் சதி பண்ணினால் ஒரு மணி.

கௌசிக் என்ன பண்ணினான்? ஓட்டமும் நடையுமாகப் போய் பாஸ்போர்ட்டில் இமிக்ரேஷன் முத்திரையைக் குத்திக்கொண்டான். அதைக் குத்திவிட்டால் வெளியே போக விடமாட்டார்கள். அதற்குத்தான் அந்த ஓட்டம்.

அம்மாவைப் பார்த்து மூன்று வருஷம். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஏசி கிடையாது, கேள்விகள் மட்டும் ஏராளம். இங்கே பிசினஸ் கிளாஸ் லவுஞ்ச். தோல் நாற்காலி, குளிக்க வெந்நீர், எத்தனை தட்டு தின்றாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. டிக்கெட்டோ ஆபீஸ் உபயம்.

நாளைக் காலையில் லண்டனில் மீட்டிங். நன்றாகப் பேசினால் டைரக்டர் நாற்காலி. போகாவிட்டால் அதில் வேறு ஒருத்தன் உட்கார்ந்துவிடுவான். அதனால் ரெஸ்ட் முக்கியம் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டான்.

தோசைக் கவுண்டரில் நாற்பது வயசுப் பெண். சட்டையில் நுஸ்ரத் என்று பெயர்ப் பட்டை.

"மசாலா டோசா சாஹியே, சர்?"

"ஹாங், ஏக் தே தோ."

ஹிந்தியிலேயே ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு எதிர் மேஜையில் உட்கார்ந்தான். போன் அடித்தது. அம்மா.

"எங்கடா இருக்கே? டாக்ஸி ஏறிட்டியா? மொளகூட்டல் பண்ணி வெச்சிருக்கேன். மாங்காய்ப் பச்சடியும் இருக்கு."

"மாட்டுங்காவுக்கு எங்கம்மா வர்றது? பதினோரு மணிக்கு பிளேன். கேட்டுக்கு ஓடிண்டிருக்கேன்."

இரண்டு தடவை மூச்சு வாங்கிக் காட்டினான். வாயிலிருந்த தோசை சுட்டதால் அது இயல்பாகவே வந்தது.

"நான் வேணா கெளம்பி வரட்டுமா? வாசல்ல நின்னு ஒரு நிமிஷம் மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிடறேன்."

"இமிக்ரேஷன் முடிஞ்சாச்சும்மா. வெளிய விடமாட்டான்."

"பதினோரு மணிக்கா கண்ணா?"

"ஆமாம்மா."

"பதினொண்ணுதானா? நன்னாப் பாத்துண்டியா?"

"அம்மா, நான் என்ன கொழந்தையா? இதோ ஏறியாச்சு. போனை அணைக்கச் சொல்றா. வெச்சுடறேன்."

வைத்தான். மறுபடி தோசையில் கை வைத்தான்.

"சட்னி ஊத்தட்டா சார்? இல்ல பிளேன் கெளம்பிட்டுதா?"

சுத்தமான திருநெல்வேலித் தமிழ். கௌசிக் நிமிர்ந்து பார்த்தான். கையில் சட்னிக் கரண்டியோடு நுஸ்ரத்.

"நீங்க... தமிழா?"

"தாராவி சார். மாட்டுங்காவுல இருந்து ரயில் பாலத்தத் தாண்டுனா எங்க வீடுதான். தோசை சுடுறவ பூரா ஹிந்திக்காரின்னு நெனச்சிட்டியளோ?"

"இது என் பர்சனல் விஷயம்."

"பர்சனல்தான் சார். அதான் லவுஞ்சு பூரா கேக்குற மாதிரி பேசுனிய."

மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்தான். என்னவென்று எழுதுவது? நான் பொய் சொன்னது இவளுக்குப் புரிந்துவிட்டது என்றா?

தட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி மூலைக்குப் போனான். தின்றான். குளித்தான். மறுபடி தின்றான். ஒரு காபியைப் படம் எடுத்து, 'மும்பை! ஆயிரம் லவுஞ்ச் பாத்தாலும் அம்மா கை காபி மாதிரி வருமா?' என்று இன்ஸ்டாகிராமில் போட்டான். நூற்று நாற்பது பேர் உருகினார்கள். அம்மாவுக்கு இன்ஸ்டாகிராம் கிடையாது. அந்தத் தைரியம்.

பெரிய மனிதர்களின் தூக்கம் கெடக்கூடாதென்று அங்கே பிளேன் அறிவிப்புகூடக் கிடையாது. நாற்காலியைச் சாய்த்தான், கண்ணை மூடினான்.

மணி நாலே முக்கால். போன் துடித்தது. அம்மா.

எடுக்கவா முடியும்? அம்மாவைப் பொறுத்தவரை அவன் பறக்க ஆரம்பித்து ஆறு மணி நேரம் ஆகப்போகிறது. சத்தத்தை அணைத்தான். மறுபடி அடித்தாள். மறுபடியும். பறக்கிற பிளேனுக்கு யாராவது போன் பண்ணுவார்களா? பாவம், ஒரு விவரமும் தெரியாத அம்மா என்று சிரிப்புக்கூட வந்தது.

வேலை முடிந்து பையோடு அந்தப் பக்கமாக வந்த நுஸ்ரத், மினுமினுத்த போனைப் பார்த்துவிட்டாள்.

"எடுத்துப் பேசுங்க சார். மேல டவர் நல்லாத்தான் கெடைக்கி."

முறைத்தான். அவள் அதற்குள் கதவுப் பக்கம் போய்விட்டாள்.

போன் ஓய்ந்தது. பின்னாலேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே காதில் வைத்தான்.

"கௌசிக், நீ போனை எடுக்க வேண்டாம். பதிலும் சொல்ல வேண்டாம். கேட்டை மாத்திட்டானாம். நாப்பத்தஞ்சு இல்லை, எழுபத்திரண்டு. இன்னும் கால் மணியில மூடிடுவானாம், எழுந்து ஓடு. காலேஜ் படிக்கறச்சே அந்த பிளேன் கம்பெனி பாயின்ட்ஸ் கார்டுக்கு என் போன் நம்பரைத்தானே குடுத்தே? இன்னும் நீ மாத்தலை. அஞ்சரை மணி பிளேன், அஞ்சரை மணி பிளேன்னு காலம்பறலேர்ந்து எனக்குத்தாண்டா மெசேஜ் வந்துண்டிருக்கு."