மெழுகுப் பொட்டு

ஜெப மணி அடித்ததிலிருந்து மூன்றாம் வகுப்பு சிஸ்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசைமேல் உலக உருண்டை கிறுகிறுவென்று சுற்றுகிறது. தினமும் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அதை விரலால் தடவி நிறுத்தும். விரல் நிற்கிற நாட்டுக்காக வகுப்பே வேண்டிக்கொள்ளும். நான்கு நாளாக யார் தொட்டாலும் விரல் ஒரே நாட்டில்தான் போய் நிற்கிறது. இன்றும் அங்கேயேதான். குண்டு விழுகிற நாடு. கடைசி பெஞ்சுப் புதுப் பெண் போன மாதம் அங்கிருந்துதான் அம்மாவோடு வந்து சேர்ந்தாள். அப்பா இன்னும் அங்கேதான். “இன்னைக்கும் அதே நாடா சிஸ்டர்? மத்த நாடெல்லாம் என்ன பாவம் பண்ணிச்சு?” என்று முன்வரிசை வாயாடி கேட்க, வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. புதுப் பெண் மட்டும் சிரிக்காமல் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். சிஸ்டர் உருண்டையைத் தடவிப் பார்க்கிறார். அந்த நாட்டின்மேல் மிளகளவு ஒரு மேடு. கோயில் பீடத்து மெழுகுவர்த்தியில் வழிந்த மெழுகை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். ஜெபத்திலேயே பித்தலாட்டமா! நகம் சுருக்கென்று அதன் அடியில் நுழைகிறது, ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். கடைசி பெஞ்சில் காலாட்டம் நின்றுபோகிறது. “எல்லாரும் கண்ண மூடுங்க,” என்கிறார் சிஸ்டர். கடைசி ஜோடிக் கண்ணும் மூடியபின், பாதி பெயர்ந்த மெழுகைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார்.